கேம்ப் ஃபயர் என்னும் ஆடம்பரம்

காட்டில் ஓர் இரவு தங்கப் போகிறவன் எப்படிப் போக வேண்டும் என்பதில் நம்மூர் மலையேற்றக்காரர்களிடம் ஏறக்குறைய ஒரே கருத்துதான் இருக்கிறது. தீப்பெட்டி ஒன்று போதும். சுள்ளி பொறுக்கி, நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து, அதிலேயே எதையாவது சுட்டுத் தின்றால் அது எளிமை. நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கை. உள்ளங்கைக்குள் அடங்குகிற கேஸ் அடுப்பைப் பையிலிருந்து எடுப்பவனும், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு நடப்பவனும் நகரத்தையே மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்ட சொகுசுக்காரர்கள். பயணக் கட்டுரைகளில் இதைப் படிக்கிறோம், வீடியோக்களில் கேட்கிறோம், கூட வரும் மூத்த நண்பர் இதைப் பெருமூச்சோடு சொல்கிறார்.

நான் இதை மறுக்கிறேன். கொடைக்கானல், மேகமலை, நீலகிரி, ஏற்காடு என்று நாம் கூடாரம் அடிக்கப் போகிற மலைகளைப் பொறுத்தவரை, பொழுதுபோக்குக்காக மூட்டப்படும் கேம்ப் ஃபயர்தான் ஆடம்பரம். அந்தச் சின்ன அடுப்பும் நெற்றி டார்ச்சும்தான் அடக்கமானவை.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். காட்டுக்குள் புளூடூத் ஸ்பீக்கரை அலற விடுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. கூடாரத்தைச் சுற்றி சீரியல் செட் தொங்கவிடுவது, யானை வழித்தடத்துக்கு மேல் ட்ரோன் பறக்கவிடுவது, ஒரு ராத்திரிக்காகப் பெட்டி பெட்டியாக பேட்டரி ஏற்றிக்கொண்டு போவது எல்லாம் அசிங்கம். கடைக்காரர் நம் தலையில் கட்டுகிற முகாம் சாமான்களில் பாதி வீட்டுப் பரணில்தான் வாழ்நாளைக் கழிக்கும். ஆனால் ஸ்பீக்கர் கெட்டது என்பதால் தீ நல்லதாகிவிடாது. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைத் திட்டி மற்றொன்றுக்கு நற்சான்று வாங்குவதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த மரபார்ந்த நெருப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். வார இறுதி முகாம்களின் விலைப் பட்டியலில் அது ஒரு வரி: கேம்ப் ஃபயர், பார்பெக்யூ, மியூசிக். பொழுது சாய்ந்ததும் ஒரு பையன் விறகைக் கொண்டுவந்து கூம்பாக அடுக்குவான். பனி இறங்கிய மலை விறகு, லேசில் பற்றாது. அவனிடம் ஒரு பழைய தண்ணீர் பாட்டில் இருக்கும். மூடியில் ஆணியால் துளை போட்டிருப்பான். உள்ளே டீசல். பீய்ச்சிவிட்டுக் குச்சியைக் கிழித்துப் போட்டால் குப்பென்று ஆளுயரத்துக்கு எழும். எல்லாரும் கைதட்டுவார்கள், செல்போனைத் தூக்குவார்கள். ஐந்து நிமிடத்தில் சுடர் தணியும்; மறுபடி பாட்டில். டீசல் ஊற்றிய இந்த நெருப்பில் ஆதிமனிதனைக் காண்கிறவர்களுக்கு, அதே எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த பியூட்டேன் மட்டும் செயற்கையாகத் தெரிகிறது.

சரி, டீசல் ஊற்றாத யோக்கியமான நெருப்பு என்றே வைத்துக்கொள்வோம். அது யாருடைய மரபு? வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போன நம் பாட்டிமார் வழியில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடியதாக நான் கேட்டதில்லை. அவர்கள் கொண்டுபோனது கட்டுச்சோறு. வாழையிலையில் கட்டிய புளியோதரை, எலுமிச்சைச் சோறு, அதற்கு ஒரு துவையல். இன்னும் தொலைவு என்றால் அவல், பொரிவிளங்காய் உருண்டை. புளியும் நல்லெண்ணெயும் சரியாகச் சேர்ந்த சோறு மறுநாளும் கெடாது என்று கண்டுபிடித்த சமூகம் இது. வழியில் அடுப்பு மூட்டுகிற தொல்லை வேண்டாம் என்பதற்காகத்தான் அத்தனை கைப்பக்குவமும். பயணிக்கு நெருப்பு இல்லாமல் சாப்பாடு போட்டதுதான் தமிழ்ச் சமையலறையின் சாதனை. அதை மறந்துவிட்டு, மலைமேல் போய் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டு மரபைப் பற்றிப் பேசுகிறோம்.

வழியில் சமைத்தே ஆக வேண்டியிருந்தவர்களும் இருந்தார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராக நடக்கும் கீதாரிகளைக் கேட்டுப் பாருங்கள். மூன்று கல், ஒரு சட்டி, கஞ்சிக்குத் தேவையான விறகு. கஞ்சி இறங்கியதும் கொள்ளியை இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்து, எரியாத பாதியை அடுத்த வேளைக்கு எடுத்து வைப்பார்கள். மார்கழியில் களத்துமேட்டில் குளிர் காய்ந்தவர்கள் எரித்தது பனையோலையும் கூளமும். அதுவும் வெறும் மண்ணில், ஊருக்குப் பக்கத்தில். வேடிக்கைக்காக எந்த விறகும் எரியவில்லை. விறகு சுமந்த தலைக்கு அதன் விலை தெரியும்.

வட்டமாக உட்கார்ந்து, பாட்டுப் பாடி, சின்னதாக நாடகம் போடுகிற கேம்ப் ஃபயர் நம் பள்ளிகளுக்குச் சாரணர் இயக்கத்தோடு வந்து சேர்ந்தது. அந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பையன்களை வைத்து முதல் முகாம் நடத்தினார். மறு ஆண்டு வெளியான அவருடைய சாரணர் நூலில் அத்தியாயங்களுக்கே முகாம் நெருப்புக் கதைகள் என்றுதான் பெயர். பள்ளி மைதானத்தில் அது நல்ல வழக்கம். எனக்கு அதில் சண்டை இல்லை. ஆங்கிலேயரிடமிருந்து நூறு வருஷத்துக்கு முன் வாங்கியதை ஆதிகாலச் சொத்து என்று பட்டா போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நெற்றி டார்ச்சைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒருநாள் விடியுமுன் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். இருட்டுக்குள் மரத்துக்கு மரம் ஒரு வெளிச்சம் நகரும். பால் வெட்டுகிறவரின் நெற்றி விளக்கு அது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். இரண்டு கைகளும் கத்தியோடு பட்டையில் இருக்கும்போது வெளிச்சம் நெற்றியில்தான் இருந்தாக வேண்டும். மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் நடுச்சாமம் தாண்டி இறங்கும் பெண்களின் நெற்றியிலும் அதே விளக்கு. அந்த வெளிச்சத்தில் பறித்த மொட்டுதான் காலையில் நம் வீட்டுச் சாமி படத்துக்கு வருகிறது. கூலி வேலைக்காரர்கள் அன்றாடம் கட்டுகிற கருவியை நாம் கட்டினால் மட்டும் அது எப்படிச் சொகுசாகும்?

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2007-ல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியபோது, ஊதாங்குழலை மூலையில் போட்ட பெண்கள் யாரும் விறகடுப்பின் கவித்துவத்துக்காக அழவில்லை. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கண் எரிய, நெஞ்சு கரிக்க எத்தனையோ தலைமுறைகள் எதிலிருந்து தப்ப நினைத்தனவோ, அதைப் பணம் கட்டி ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுக்கிறோம். எடுக்கலாம், தவறில்லை. அதற்கு எளிமை என்று பெயர் வைப்பதுதான் கூச்சமில்லாத வேலை.

இனி கணக்குக்கு வருவோம். காற்று மறைவில் வைத்த சின்ன கேஸ் அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 15 கிராம் பியூட்டேன் போதும். மூன்று கல் அடுப்பிலோ விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனாலே பெரிது, மிச்சம் காற்றுக்கு. அப்படியும் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ விறகில் வேலை முடிந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால், கேம்ப் ஃபயர் தண்ணீர் கொதிப்பதற்காக எரிவதில்லை. பேச்சு தீரும்வரை, பாட்டு தீரும்வரை, தூக்கம் வரும்வரை எரிகிறது. கட்டுக் கட்டாக.

அந்தக் கட்டு எங்கிருந்து வருகிறது? கீழே விழுந்து காய்ந்து கிடப்பதுதானே, அதனால் யாருக்கு நஷ்டம் என்பார்கள். காட்டில் கீழே கிடப்பது எதுவும் வீணாகக் கிடப்பதில்லை. மட்கும் கட்டையில் பூஞ்சை குடியேறும். வண்டுப் புழு துளைக்கும். புழுவைத் தேடி மரங்கொத்தி வரும். கட்டையின் ஈர நிழலில் தவளையும் பல்லியும் கோடையைத் தாண்டும். கடைசியில் அது மண்ணாகி அடுத்த மரத்துக்கு உரமாகும். சோலைக்காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை. ஒருவர் ஒரு கட்டு எடுத்தால் காடு தாங்கும். சனிக்கிழமை தவறாமல் வெவ்வேறு ஆட்கள் வந்து அதே மேட்டைச் சுற்றிப் பொறுக்கினால், மூன்றாம் மாதம் தரை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். நாலாம் மாதம் அரிவாள் பச்சைக் கிளைக்குப் போகும்.

காலையில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இரவில் எடுத்த படங்களில் இது இருக்காது. கரிந்த வட்டம், நடுவே பாதி எரிந்த கட்டைகள். குச்சியால் கிளறினால் சாம்பலுக்குள்ளிருந்து எரியாத அலுமினியத் தாள், உருகிக் கருத்துக் கட்டிதட்டிப்போன பிளாஸ்டிக் டம்ளர், கோழி எலும்பு, பாட்டில் மூடிகள், வெடித்த கண்ணாடித் துண்டு. சாம்பலை ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். மேல்மண் வெந்து, நீரை ஏற்காத படலமாகியிருக்கும். அதிலிருந்த விதைகளும் நுண்ணுயிரும் வெந்திருக்கும். பக்கத்தில் வேறொரு வட்டம், அது போன வாரத்தது. கேஸ் அடுப்பு நின்ற இடத்தைக் காட்டு என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

தீ பரவுகிற ஆபத்தைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: அது பொறுப்பில்லாதவர்கள் செய்வது, நாங்கள் அணைத்துவிட்டுத்தான் வருவோம். 2011 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் அப்படி அணைந்துவிட்டதாக நம்பிய இருவரின் கதை இருக்கிறது. பேர் வாலோ வனப்பகுதியில் முகாமிட்ட அவர்கள், நெருப்பு அணைந்ததா என்று சோதிக்க ஒரு மிட்டாய் உறையைச் சாம்பலில் போட்டுப் பார்த்தார்கள். உறை உருகவில்லை. நிம்மதியாக நடக்கக் கிளம்பினார்கள். அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த வாலோ தீ 5,38,000 ஏக்கரைத் தின்றது. அந்த மாநிலத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய காட்டுத் தீ இல்லை. இவர்கள் அடாவடிக்காரர்கள் அல்லர்; சோதித்துப் பார்த்துவிட்டுப் போனவர்கள். நெருப்பை முழுதாக அணைக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், புறங்கையை அருகே வைத்துச் சூடு இல்லை என்று பார்க்க வேண்டும் என்று அமெரிக்க வனத்துறை பல்லாண்டுகளாகப் படித்துப் படித்துச் சொல்கிறது. நம் மலைமேட்டில் அரைமணி நேரம் ஏறிச் சுமந்து வந்த குடிதண்ணீரை யார் சாம்பலில் ஊற்றுகிறார்கள்? காலால் மண்ணைத் தள்ளி மூடுவார்கள். மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்த வேரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வேறோரிடத்தில் தலைகாட்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேரைக் காட்டுத் தீ கொண்டுபோனது. அதை கேம்ப் ஃபயரின் கணக்கில் எழுத நான் வரவில்லை. ஆனால் கோடையில் காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதக் கால் அதற்கு ஈடுகொடுக்காது என்பதை அதற்குப் பிறகும் ஒருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது வேதனை. அதன் பின்னர்தான் அரசு மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்திலும் காட்டுத் தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

மறுதரப்பின் பலமான வாதம் இனிமேல்தான். பழங்குடிகள் காலங்காலமாகக் காட்டுக்குள் தீ மூட்டவில்லையா? மூட்டினார்கள். பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் ஆண்டின் தொடக்கத்தில், சருகு அதிகம் சேருமுன், தரையோடு தரையாக ஊர்ந்து போகிற சிறு தீயை வைப்பது வழக்கம். தரகு பெங்கி என்பார்கள். உண்ணிச்செடி மண்டாமல் அது காட்டைக் காத்தது. 1974-ல் அந்த மலை சரணாலயமானபின் அந்தத் தீ தடுக்கப்பட்டது. உண்ணிச்செடி புதராகப் பரவியது. அந்தப் புதரே பிறகு பெருந்தீக்கு விறகானது. அந்தத் தடையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இந்தக் கதை வார இறுதிக்காரருக்கு எப்படிச் சாட்சியாகும்? எந்த மாதம், எந்தச் சரிவு, எந்தக் காற்று, எவ்வளவு ஈரம் என்று பிறந்தது முதல் தெரிந்தவர்கள் காட்டுக்காக வைத்த தீ அது. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறியவர், கூகுள் மேப்பைப் பார்த்து வந்து சேர்ந்த இடத்தில், தன் குளிருக்காக வைக்கிற தீ வேறு. அவர்களுடைய அறிவை நாம் கற்றதில்லை. பெயரை மட்டும் கடன் வாங்குகிறோம்.

நெருப்பு இருந்தால் மிருகம் வராது என்பது இன்னொரு நம்பிக்கை. பார்பெக்யூ வாசனையும் சிதறிய எலும்பும் காட்டுப்பன்றியையும் கரடியையும் விரட்டுமா, கூப்பிடுமா என்று கொஞ்சம் யோசித்தாலே போதும். தீயால் மிருகத்தை விரட்டுகிற புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மசினகுடியில் பார்த்தோம். விடுதிப் பக்கம் வந்த காட்டு யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காது வெந்து, சீழ் பிடித்து, 2021 ஜனவரியில் அது செத்தது.

குளிருக்கு என்பார்கள். திறந்த வெளி நெருப்பில் முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். ஒரு கம்பளிக் குல்லாயும் நல்ல ஸ்லீப்பிங் பேகும் செய்கிற வேலையைப் பத்துக் கட்டு விறகு செய்யாது. வானத்தைப் பார்க்க வந்தோம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். நெருப்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பழக்கம் போயிற்று. சிவப்பு வெளிச்சம் கொடுக்கிற நெற்றி டார்ச் அதைக் கெடுக்காது. பால்வெளியைப் பார்க்க அத்தனை தூரம் ஏறி வந்து, அதன் கீழே விறகைக் கொளுத்தி அதை மறைத்துக்கொள்வதை என்னவென்று சொல்ல?

கூடிப் பேசுவதற்கு நெருப்பு வேண்டும் என்பதை மட்டும் நான் முழுதாகத் தள்ளமாட்டேன். தீயைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் இளகும். சொல்லாததைச் சொல்ல வரும். உண்மை. அதற்கு ஆளுயரச் சுடர் தேவையில்லை. மலையடிவாரத்து ஊரில், முற்றத்தில், இரும்புச் சட்டியில் நாலு கட்டை வைத்துக்கொண்டு விடிய விடியப் பேசுங்கள். கையெட்டும் தூரத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும். சோலைக்காட்டு ஓரத்தில்தான் மனம் திறக்கும் என்பது என்ன பிடிவாதம்?

கருவிக்கு மரபே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ப்ரைமஸ் அடுப்பின் கதை தெரிந்திருக்காது. ஸ்வீடனில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கி, 1892-ல் விற்பனைக்கு வந்த அழுத்த ஸ்டவ். நம் வீடுகளில் பம்ப் அடித்து, பின் குத்தி எரித்தோமே, அதன் மூதாதை. 1911-ல் அமுண்ட்சென் தென்துருவத்துக்குக் கொண்டுபோனது அந்த அடுப்பைத்தான். 1953-ல் எவரெஸ்ட் உச்சிக்குக் கிளம்பிய காலையில் பூட்ஸ் கல்லாக உறைந்து கிடந்தபோது, ஹிலாரி அதை இளக்கியது ப்ரைமஸ் சுடரில். அவரும் டென்சிங்கும் சொகுசுக்காரர்கள் என்று யாராவது சொல்வார்களா?

கேஸ் குப்பியும் குப்பைதானே என்று கேட்பீர்கள். ஆம். காலிக் குப்பியைப் புதரில் எறிந்துவிட்டு வருகிறவன் விறகு எரித்தவனைவிடக் கேடானவன். அவனுக்காகவும் நான் பேசவில்லை. ஆனால் குப்பியைக் கீழே கொண்டுவர முடியும். எரித்த கட்டையைத் திரும்பக் காட்டில் வைக்க முடியாது.

இன்னொன்று. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கேஸ் அடுப்புக்கும் அங்கே விதிவிலக்கு இருப்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகட்டும். பட்டா நிலத்து முகாம்களில் தங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம்: முன்பணம் கட்டுமுன் அந்த விறகு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால், கேம்ப் ஃபயர் என்ற வரியை அடித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள்.